திட்டுவது எந்த மொழியில்?

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது.

வேட்பாளர். கூடவே பத்துப் பேர், ஒரு ஸ்பீக்கர், ஒரு கூடைப் பூ. பக்கத்து வீட்டில் மலையாளத்தில் சிரித்துவிட்டு எங்கள் வீட்டுப் படி ஏறியவர், என்னைப் பார்த்ததும் கைகூப்பினார். "வணக்கம் ஐயா. உடம்பு எப்படி இருக்கு? பத்திரிகையில வர்ற உங்க பத்தியை ஒரு வாரம் விட்டது கிடையாது."

நல்ல தமிழ். சுத்தமான தமிழ். கேரளத்தில், பாறசாலைக்கு இந்தப் பக்கம், ஸ்கூலில் தமிழ்ப் பிரிவில் பிள்ளைகள் சேருவதே அபூர்வம் என்று ஆகிவிட்ட இந்தக் காலத்தில், ஒரு வேட்பாளர் என் வாசலில் நின்று 'ழ' சொல்கிறார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் ஓட்டு உமக்குத்தான் என்று கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பினேன்.

ஜீப் போனதும் மருமகள் ஷீபா சமையலறையிலிருந்து ஃபோனோடு வந்தாள். நெய்யாற்றின்கரையில் நர்ஸ். எதையும் டெஸ்ட் ரிசல்ட் பார்க்காமல் நம்ப மாட்டாள்.

"மாமா, அந்த ஆளு ஆராக்கும்னு தெரியுமா? நம்ம தெக்குப் பக்கத்து வயல மண்ணடிச்சு நிகத்தினவன் இவன்தான். கேஸ் உண்டு. நாமினேஷனோட அவனே எழுதிக் குடுத்த சத்தியவாங்மூலம் நெட்டுல கெடக்கு, பாக்கியளா?"

"அப்படியா?" என்றேன்.

"அப்படித்தான். எதுக்கு மாமா அதுக்குள்ள வாக்கு குடுத்தீங்க?"

"இல்ல... தமிழ் நல்லா பேசினான்."

ஷீபா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிரஷர் ஏறிப்போன நோயாளி உப்புக் கருவாடு கேட்டால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

இது எனக்குப் பழைய நோய். தொண்ணூறை நெருங்குகிறேன், இன்னும் தீரவில்லை. எங்கே பிடித்தது என்று இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் வைத்திருந்து எனக்கும் அலுத்துவிட்டது.

எல்லைப் போராட்ட வருடங்கள். திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்களெல்லாம் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊரே கொதித்துக் கொண்டிருந்தது. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கேட்பது நியாயம். கல்குளமும் விளவங்கோடும் கேட்பதும் நியாயம். நாங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாக்காரர்கள். வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம், கோர்ட்டில் இங்கிலீஷ், கனவில் எது வருகிறதோ அது. நாங்களும் சேரவேண்டும் என்றோம். ஒரு படி கூடுதல் சத்தமாகவே சொன்னோம்.

அந்தப் போராட்டத்தில் நிஜமாக அடிபட்டவர்கள் உண்டு. சிறை போனவர்கள் உண்டு, திரும்பி வராதவர்களும் உண்டு. அவர்களைக் கேலி பேசுகிற தகுதி எனக்கில்லை. இது என்னைப் பற்றிய கதை. நான் சிறைக்கும் போகவில்லை, அடியும் படவில்லை. நான் கமிட்டியில் இருந்தேன்.

குளத்தூர்ப் பக்கத்தில் எங்கள் கிறிஸ்தவ சபை. அதன் வாலிபர் சங்கத்துக்குத் தாசையன் தலைவன், நான் செயலாளர். ஊரில் அப்போது பி.ஏ. முடித்தவன் நான் ஒருவன்தான். அதுவும் தர்க்கவியல்! தேர்தல் வந்தபோது சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: வேட்பாளர்களை விஞ்ஞான முறைப்படி ஆராய்ந்து, சபையார் யாருக்கு ஓட்டுப் போடவேண்டும் என்று ரிப்போர்ட் கொடுப்பது.

ஓட்டுப் போடுவதே புதுசு. அதற்கு முன்னால் ஆராய்ச்சி! நாட்டிலேயே நாங்கள்தான் முன்னோடிகள் என்று நினைத்துக்கொண்டோம். இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. இப்படி ஒரு ஆராய்ச்சி அதற்கு முன்னும் நடந்திருக்காது, பின்னும் நடந்திருக்காது.

ஆராய வேண்டியவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் முதலாளி. பெயர் வேண்டாம், அவர் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறவர்கள். தென்னந்தோப்புகள், நெல்வயல், ரோட்டோரமாக நீண்ட மதில். தமிழ்ப் பக்கத்து வேட்பாளர்.

மற்றவர் வைத்தியர். கஷாயம் காய்ச்சுகிற மனிதர். யார் பெயரும் அவருக்கு நினைவிருக்காது. நோயை வைத்துத்தான் ஆளைக் கூப்பிடுவார். "ஏய் மூலக்குரு, இஞ்ஞோட்டு வா" என்று, அதாவது 'மூலநோயே, இங்கே வா' என்று, சந்தையில் ஒருவரைக் கூப்பிட்டதில் அந்த மனிதர் ஊரைவிட்டே போய்விட்டார். வைத்தியருக்கு அம்மா தமிழ், அப்பா மலையாளம். தானும் தமிழன்தான் என்று மேடையில் தமிழிலேயே பேசினார்.

இதுதான் சிக்கல். இரண்டு பேருமே மேடையில் தமிழ். யார் அசல்?

நான் எழுந்து ஒரு கோட்பாடு சொன்னேன். மேடையில் எவனும் எந்த மொழியும் பேசலாம். வலியிலும் கோபத்திலும்தான் உண்மையான மொழி வெளியே வரும். ஆகவே வேட்பாளருக்கு வலிக்கச் செய்யவேண்டும், அல்லது கோபம் வரச் செய்யவேண்டும். வாயிலிருந்து என்ன வருகிறது என்று பார்த்தால் போதும்.

கைதட்டினார்கள். பி.ஏ. என்றால் சும்மாவா?

கமிட்டியில் இதைப் பற்றி விவாதம் சூடானது. ஓர் உறுப்பினர், "அண்ணே, நம்ம கூட்டத்துல உள்ளவனுவளுக்கே கோவம் வந்தா என்ன வருதுன்னு ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டான். தாசையனுக்குப் பொறுக்கவில்லை. மேஜையில் அறைந்து, "மிண்டாதிரிக்கெடா!" என்று கத்தினான்.

எல்லோரும் அவனையே பார்த்தோம். 'பேசாமல் இருடா' என்று தமிழில் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அதைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டாம் என்று ஒருமனதாக முடிவு செய்தோம்.

இந்த இடத்தில் ரோசம்மாள் மாமியைச் சொல்லவேண்டும்.

அப்பாவின் தங்கை. புருஷன் இறந்து, மகளைத் திருப்புறம் என்ற பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்து, தனியாக இருந்தாள். முதலாளியின் தோப்பு மூலையில், ரோட்டைப் பார்த்து ஒரு ஓலைக் குடில். கல்யாணமாகி வந்த நாள் முதல் அங்கேதான். நிலம் முதலாளியுடையது, குடியிருக்கவும், தோப்பைப் பார்த்துக்கொள்ளவும் சம்மதம். எழுத்தும் இல்லை, பத்திரமும் இல்லை. இப்படிப் பிறர் நிலத்தில் குடியிருப்பதற்குக் குடிகிடப்பு என்று பெயர், அன்று எல்லாக் குடிகிடப்பும் அப்படித்தான். மாமி ஓலை முடைந்து விற்பாள். அவள் முடைந்த ஓலையை விலக்கி மழை உள்ளே வராது என்று ஊரில் பேச்சு.

நாங்கள் ஆராய்ச்சியில் இறங்கியிருக்கிறோம் என்று கேள்விப்பட்டு என்னை வழியில் நிறுத்தினாள்.

"மக்கா, நீங்க அந்த ஓட்டுக்கு நிக்கவங்களப் பத்தி ஒக்க விசாரிக்கியளாமே?"

"ஆமா மாமி."

"அப்ப எனக்கு ஒண்ணு மட்டும் விசாரிச்சுச் சொல்லு, கேட்டியா? முதலாளி எனக்க குடிலப் பிரிக்கப் போறாருன்னு தேங்கா வெட்டுகவன் சொல்லுதான். உள்ளதா? ரோட்டோரம்லா... அவருக்கு அந்த எடத்துல ஒரு கண்ணு உண்டு. பிரிச்சா நான் எங்கப் போவேன்? மக வீட்டுல போய் இருக்கச் சொல்லாத. சம்பந்தி வீட்டுக் கஞ்சி எனக்க தொண்டைல எறங்காது."

"விசாரிக்கேன் மாமி" என்றேன்.

நல்ல கேள்வி. இன்றைக்கு யோசித்தால், எங்கள் ஆராய்ச்சிக்கு வந்த ஒரே உருப்படியான கேள்வி. கமிட்டி மேஜைக்கு நான் அதைக் கொண்டுபோகவே இல்லை. எல்லையையே மாற்றப் போகிற நேரத்தில் ஒரு குடிலா பெரிது?

முதலில் வைத்தியர்.

நாங்கள் ஒரு கூட்டமாகப் போய், நோயைப் பற்றிப் பேசுவதுபோல நின்றோம். திட்டப்படி தாசையன் பின்பக்கமாக நகர்ந்து, அவர் வெறுங்கால் விரலை நன்றாக மிதித்தான். தாசையன் பருமனான ஆள்.

"அய்யோ, என்றெ அம்மே!"

முடிந்தது. 'என் அம்மா' இல்லை. 'என்றெ அம்மே'! தாசையன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். வைத்தியர் விரலைப் பிடித்துக்கொண்டு திண்டாடியவர், சற்று நேரத்தில் தாசையனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "நிற்கத் தெரியவில்லை உனக்கு. வாதம். இடுப்பில் இருக்கிறது" என்று சொல்லி ஒரு குப்பிக் கஷாயம் கொடுத்தனுப்பினார். தாசையன் அதைக் குடித்து இரண்டு நாள் நாக்கு மரத்துக் கிடந்தான்.

நடுநிலை தவறக்கூடாது அல்லவா? அவருக்குச் சாதகமாகவும் ஒரு சான்று கிடைத்தது. தன் பசுவிடம் அவர் தமிழில் பேசினார். இதைக் கணக்கில் சேர்ப்பதா என்று கமிட்டியில் ஒரு மணி நேரம் விவாதம். பசு நாகர்கோவில் பக்கம் வாங்கியது, அதற்குத் தமிழ்தான் புரியும், ஆகவே அது பசுவின் மொழி, வைத்தியரின் மொழி அல்ல என்று தள்ளுபடி செய்தோம்.

அன்று நாங்கள் கிளம்பும்போது வைத்தியர் ஒன்று சொன்னார். மலையாளத்தில்தான் சொன்னார். "குடிகிடப்புகாரனெ இறக்கிவிடான் பாடில்ல. ஞான் ஜயிச்சால் ஆத்யம் அதாணு." குடியிருப்பவனை இறக்கிவிடக் கூடாது, ஜெயித்தால் முதல் வேலை அதுதான்.

எனக்கு நன்றாகக் கேட்டது. நன்றாகப் புரிந்தது. ரிப்போர்ட்டில் நான் எழுதியது இது: "வலியில் மலையாளம். வழியனுப்பும்போதும் மலையாளம்."

அடுத்து முதலாளி. அவர் காலை மிதிக்க எவனுக்கும் துணிச்சலில்லை. ஆகவே கோபம். அவர் மாட்டை அவிழ்த்துவிடலாம் என்று தாசையன் யோசனை சொன்னான். அதற்காக நாங்கள் தோப்பு மதிலுக்குப் பின்னால் ஒளிந்து, சமயம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாட்டுக்குத் தேவையே வரவில்லை. ரோசம்மாள் மாமி வந்தாள்.

தோப்பில் விழுந்து கிடந்த ஒரு மட்டையை இழுத்துக்கொண்டு குடிலுக்குப் போனாள். எப்போதும் செய்கிற வேலைதான். அன்று பார்த்து முதலாளி வெளியே வந்தார்.

"நில்லு! யாரைக் கேட்டு எடுத்தே?"

"விழுந்து கெடந்ததாக்கும் முதலாளி..."

"விழுந்தா உனக்கா? இருக்க இடம் கொடுத்தது என் தப்பு. நன்றி கெட்டவளே! தோப்பையே அள்ளிக்கிட்டுப் போயிடுவியா? கேட்டுக்கோ. சித்திரைக்குள்ளே குடிலைக் காலி பண்ணு. இல்லேன்னா நானே ஆளை விட்டுப் பிரிச்சுத் தெருவுல எறிவேன்!"

மாமி மட்டையைக் கீழே போட்டாள். மதிலுக்கு மேல் தலையை நீட்டி அதை நான் பார்த்தேன்.

தாசையன் என் தொடையைக் கிள்ளினான். "கேட்டியாலே? ஒரு வாக்கு மலையாளம் இல்ல! தங்கம்லே, தங்கம்!"

நான் அவனைவிடப் படித்தவன். அவன் கவனிக்காத ஒன்றை நான் கவனித்தேன். "மேடம்னு சொல்லல பாத்தியா? சித்திரைன்னு சொன்னாரு!" என்றேன். மலையாள மாதக் கணக்கில் 'மேடம்' என்று பேசாமல் தமிழ் மாதத்தைச் சொல்லிவிட்டாராம். என் சொந்த மாமியைத் தெருவில் எறிவதற்குக் கெடு வைக்கிறார் ஒரு மனிதர். நான் அந்தக் கெடுவின் மாதப் பெயரை ரசித்துக்கொண்டு நிற்கிறேன்!

வாசகர்களே, இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. குறைக்கத்தான் ஆசை. முடியவில்லை.

ரிப்போர்ட்டை அடுத்த ஞாயிறு வாசித்தேன். "கோபத்தின் உச்சியிலும் தூய தமிழ்." சபை வாலிபர்கள் விசிலடித்தார்கள். போதகர் விசிலை மட்டும் கண்டித்தார்.

அன்று சாயங்காலம் மாமி வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. அப்பா முன்னால் எதுவும் பேசாமல், என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டாள்.

"மக்கா, அவரு வாய்விட்டுச் சொல்லியாச்சு. சித்திரைக்குள்ள எறங்கணுமாம். நீங்க ஒக்க அவருக்க ஆளுகளாக்கும் இப்பம். நீ ஒரு வாக்கு சொன்னா கேப்பாரு. பி.ஏ.க்காரன்லா... போய்க் கேளு. பிரிக்காண்டாம்னு சொல்லு."

போனேன். அதை மறைக்கமாட்டேன். உண்மையிலேயே போனேன்.

முதலாளி என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். காப்பி வந்தது. வெள்ளி டம்ளர். "தம்பி, உங்க ரிப்போர்ட்டைப் பத்திக் கேள்விப்பட்டேன். உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும், நம்ம தாலுகா தாய்த் தமிழகத்தோட சேர்ந்த மாதிரிதான். ஜெயிச்சதும் ஒரு தமிழ் வாசகசாலை கட்டறதா உத்தேசம். செயலாளர் நீங்கதான்" என்றார்.

நான் காப்பியைக் குடித்தேன். நல்ல காப்பி. "ரொம்ப சந்தோஷம்" என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

மாமி குடில் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா மக்கா?"

"கேட்டேன் மாமி."

"என்ன சொன்னாரு?"

"அன்னைக்குக் கோவத்துல சொன்னதாம். ஒண்ணும் செய்யமாட்டாரு. நீங்க பேடிக்காண்டாம்."

மாமி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு துண்டு கருப்பட்டி கொண்டுவந்து கொடுத்தாள். நான் அதையும் தின்றேன்.

அந்தக் காலத்து ஓட்டுச்சாவடி உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும். மறைவுக்குள் போய், வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். வரிசையில் நின்ற மாமி என்னைப் பார்த்ததும் எல்லோருக்கும் கேட்கும்படியே கேட்டாள். "மக்கா, எந்தப் பெட்டியாக்கும்?"

நான் சொன்னேன். அவள் போட்டாள்.

முதலாளி ஜெயித்தார். மேளம், வெடி, ஊர்வலம். வைத்தியர் வீட்டின் முன்னால் தாசையன் கொஞ்சம் கூடுதலாக ஆடினான். கஷாயத்துக்குப் பழி வாங்கினான் என்று நினைக்கிறேன். வைத்தியர் எட்டிப் பார்த்து, "இடுப்பு பரவாயில்லையே" என்றார்.

குடிலைப் பிரித்தது சித்திரையில்தான். சொன்ன சொல் தவறாத மனிதர்.

நான் போனபோது பாதிக் கூரை கீழே கிடந்தது. மாமி முடைந்த ஓலை. பழசாகியும் கிழியாததால், பிரிக்கிற ஆட்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய பானை, பாய், உரல், பைபிள் எல்லாம் ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு பலாமரத்தடியில். பக்கத்தில் அவள்.

"மாமி..." என்றேன்.

"வந்தியா மக்கா? நீ அவருகிட்ட கேக்கவே இல்ல, இல்லியா?"

"கேட்டேன் மாமி! அவரு... அவரு வாக்கு மாறியாச்சு."

அந்த இடத்திலும் பொய். ஒரு தடவை சொன்ன பொய்க்குக் காவல் நிற்க இன்னொன்று.

மாமி சத்தமே போடவில்லை. "அன்னைக்கு அவரு என்னப் பேசினாருல்லா, அப்பம் மதிலுக்கு மேல உனக்க தலை தெரிஞ்சுது. தாசையனுக்கதும் தெரிஞ்சுது. எனக்க பிள்ளை நிக்கான், ஏறிக் குதிச்சு வந்து ஒரு வாக்கு கேப்பான்னு பாத்தேன். நீங்க ரெண்டு பேரும் சிரிச்சிட்டு இருந்தீங்க. எதுக்காக்கும் சிரிச்சீங்க மக்கா? அது மட்டும் சொல்லு. எனக்கு இது வரைக்கும் புரியல."

என்ன சொல்வேன்? 'உங்களை அவர் தமிழில் திட்டினார் மாமி, அந்த சந்தோஷத்தில் சிரித்தோம்' என்றா?

உரலைத் தூக்கி, அவளுக்காக வந்து நின்ற வண்டியில் வைத்தேன். அவளால் தூக்க முடியாதது அது ஒன்றுதான். திருப்புறத்துக்கு, மகள் வீட்டுக்குப் போனாள். மருமகன் வீட்டுப் பின்புறம் ஒரு சாய்ப்பு இறக்கிக் கொடுத்தார்கள். சம்பந்தி வீட்டுக் கஞ்சி.

வாசகசாலை எழும்பியது. முதலாளி வாக்குத் தவறவில்லை என்றேனே, செயலாளர் நான்தான். திறப்பு விழாவில் 'தாய்மொழியும் தாய்நிலமும்' என்று அரை மணி நேரம் பேசினேன். மாமியின் அடுப்பு இருந்த இடத்தில் எனக்கு மேஜை போட்டிருந்தார்கள். சுண்ணாம்பு அடித்த சுவர், அதனால் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது. கொஞ்ச நாளில் எனக்கும் தெரியாமல் போய்விட்டது. அதுதான் இன்னும் கேவலம்.

பிறகு மாநிலங்களைப் பிரித்தார்கள். நாலு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போயின. நெய்யாற்றின்கரை போகவில்லை. எல்லைக்கல் எங்களுக்குத் தெற்கே, களியக்காவிளைப் பக்கம் விழுந்தது. மிதித்த விரல், ஆராய்ந்த பசு, ரசித்த சித்திரை... எதையும் மாநிலங்களைப் பிரித்த கமிஷன் எங்களிடம் கேட்கவே இல்லை!

முதலாளி அதிகம் வருத்தப்படவில்லை. அடுத்த தேர்தலுக்குள் வேறு கட்சி. மேடையில் நல்ல மலையாளம். வாசகசாலையில் புத்தகங்கள் இருந்த இடத்தில் அரிசி மூட்டைகள் வந்தன. ஊரில் அவரது பலசரக்கு மொத்த வியாபாரம் ரோட்டோரத்தில் நன்றாக நடந்தது. மலையாளத்திலும் அவர் அதே அளவு நன்றாகத் திட்டினார் என்று வேலைக்காரர்கள் சொன்னார்கள். ஒரு வாக்கு தமிழ் கலக்காதாம்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு எழுதக் கஷ்டமான இடம்.

வருடங்கள் போயின. நான் பள்ளிக்கூட வாத்தியாராகிவிட்டேன். எந்தக் கேரளத்தில் இருக்கமாட்டோம் என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோமோ, அந்தக் கேரளம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. குடிகிடப்புக்காரர்களை யாரும் இறக்கிவிட முடியாது. அவர்கள் குடியிருக்கிற இடத்தில் பத்து சென்ட் வரை அவர்களுக்கே சொந்தம். கிராமங்களில் கொடிகட்டி, வேலி கட்டி, ஆட்கள் தங்கள் குடிலைச் சுற்றிக் கயிறு பிடித்து அளந்தார்கள். முதலாளியின் தோப்பிலேயே மற்ற மூலைகளில் இருந்த குடும்பங்களுக்குக் கிடைத்தது. தேங்காய் வெட்டுகிறவனுக்குக் கிடைத்தது.

மாமி திருப்புறத்திலிருந்து நடந்தே வந்தாள். வயதாகிவிட்டது. என் வீட்டுப் படியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"மக்கா, குடில்ல இருந்தவங்களுக்குப் பத்து சென்ட் குடுக்காங்களாமே. எனக்கும் உண்டா?"

"இப்ப இருக்கவங்களுக்குத்தான் மாமி."

"நானும் இருந்தேன்லா? கல்யாணம் கழிஞ்சு வந்த நாள் தொட்டு இருந்தேன். நீ கண்டிட்டுண்டுல்லா?"

"இருந்தா போதாது மாமி. சட்டம் வந்தப்ப இருந்திருக்கணும்."

"ஓ... அப்படியா" என்றாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "இன்னும் கொஞ்ச நாளு பிடிச்சு நின்னிருந்தா கிட்டியிருக்கும், இல்லியா?"

"ஆமா மாமி."

"எனக்குப் பிடிச்சு நிக்கத் தெரியும் மக்கா. ஒறங்கும்போ கூட வாசல்ல கால நீட்டிட்டுக் கெடந்திருப்பேன். வைத்தியரு கூட அப்பம் ஒரு நாளு வந்து, 'எறங்காதே, நான் பாக்கேன்'னு சொன்னாரு. 'எனக்க மருமொவன், பி.ஏ.க்காரன், பேசியாச்சு வைத்தியரே'ன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."

இது எனக்குத் தெரியாது. அன்று வரை தெரியாது. நான் பொய் சொல்லாமல் 'கேட்கத் தைரியம் வரவில்லை மாமி' என்று சொல்லியிருந்தால் போதும். அவள் அந்த மனிதரிடம் போயிருப்பாள். நான் உதவி செய்யாதது ஒரு குற்றம். வந்த உதவியையும் என் பொய் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது.

அப்போதாவது மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை. "மத்தியானம் சாப்பிட்டுப் போங்க மாமி" என்றேன். மீன்குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அதற்கடுத்த தேர்தலில் திருப்புறம் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலையொன்று இருந்தது. ஓட்டு நாள். மாமி வந்தாள், மகளோடு. கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. வேட்பாளர்களைப் பற்றி இந்தத் தடவை நான் நிஜமாகவே விசாரித்திருந்தேன். யார் நிலம் யாரிடம், யார் மேல் என்ன வழக்கு, யார் யாரை இறக்கிவிட்டார் என்பது வரை. நாக்கு நுனியில் எல்லாம் தயாராக இருந்தது. அவள் கேட்பாள், ஒரு தடவையாவது சரியாகச் சொல்லவேண்டும் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

கேட்கவில்லை. நானே ஆரம்பித்தேன்.

"மாமி, இந்தத் தடவை நான் நல்லா விசாரிச்சாச்சு. ஆருக்குப் போடணும்னு..."

"வேண்டாம் மக்கா" என்றாள். கோபமே இல்லை. குழந்தை நீட்டுகிற மண்சோற்றை வேண்டாம் என்பதுபோலச் சொன்னாள்.

"அப்ப ஆருக்குப் போடப் போறீங்க?"

"அது ரகசியமாக்கும்" என்று சொல்லிவிட்டு, மகளின் கையையும் விட்டுவிட்டு, தனியாக மறைவுக்குள் போனாள்.

அவள் வெளியே வர ரொம்ப நேரமானது. அன்று என் ஓட்டை யாருக்குப் போடுவது என்று அவளிடம் கேட்டிருக்கலாம்... சொல்லியிருக்க மாட்டாள்!